சண்டையில் சாகாதவர்கள்

அகதியாக வந்து முப்பது வருடம் கழித்து எனக்கு ஒரு பதவி உயர்வு கிடைத்தது. அகதி வைத்திருப்பவன் ஆனேன்.

மகள் வேலை கிடைத்து மான்செஸ்டருக்குப் போன பிறகு, லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் வீட்டு மாடியறை சும்மா கிடந்தது. சும்மா என்றால், நான் வாங்கி நான்கு தடவை மிதித்த உடற்பயிற்சிச் சைக்கிள் ஒன்று அதில் குடியிருந்தது. உக்ரைனில் போர் தொடங்கி, வெற்றறை உள்ளவர்கள் ஆட்களை ஏற்கலாம் என்று அரசாங்கம் அறிவித்தபோது, பெயர் கொடுக்கலாம் என்று மனைவிதான் சொன்னாள். பெயர் கொடுத்ததை ஊர் முழுக்கச் சொன்னது நான்.

வீட்டைப் பார்க்க கவுன்சிலிலிருந்து ஒரு பெண் வந்தார். புகை அலாரத்தை அழுத்திப் பார்த்தார். யன்னல் திறக்கிறதா என்று பார்த்தார். பிறகு ஒரு படிவத்தை எடுத்து, அகதிகளோடு பழகிய அனுபவம் ஏதாவது உண்டா என்று கேட்டார். முப்பது வருட அனுபவம் என்றேன். மிகவும் நல்லது என்று எழுதிக்கொண்டார்.

எங்களிடம் வந்தவர் ஐம்பது வயதுப் பெண். ஊரில் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்தவர். கணவர் லிஃப்ட் திருத்துபவர். ஆண்களை நாட்டை விட்டுப் போக விடமாட்டார்கள் என்பதால் கணவர் அங்கே நின்றுவிட்டார். பிள்ளைகள் இல்லை. இவர் ஒரு சூட்கேசோடும், கைபேசியில் பாதி படித்து முடித்த ஆங்கிலத்தோடும் வந்து இறங்கினார். இரண்டு மாதத்துக்குள் ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் ஒரு ஹோட்டலில் படுக்கை விரிப்பு துவைத்து மடிக்கும் வேலை கிடைத்தது. இரசாயனம் தெரிந்தவர் என்பதால் சவர்க்காரத் தூளைப் பற்றி மேற்பார்வையாளருக்கே விளங்கப்படுத்தியிருக்கிறார். மேற்பார்வையாளருக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

நான் அவருக்கு ஆலோசனை வழங்கினேன். டொக்டரிடம் எப்படிப் பதிவது, எலிசபெத் லைன் ரயிலில் எந்தப் பெட்டியில் ஏறினால் படிக்குக் கிட்ட இறங்கலாம், வெள்ளைக்காரர் 'பரவாயில்லை' என்று சொன்னால் என்ன அர்த்தம் என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். குளிரை எப்படித் தாங்குவது என்றுகூட ஒருநாள் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, தங்கள் ஊரில் மைனஸ் இருபது வரும் என்றார். லண்டன் குளிர் வேறு மாதிரியானது என்று சொல்லி வைத்தேன்.

என் தொழிலும் ஆலோசனை வழங்குவதுதான். கார் ஓட்டப் பழக்குகிறேன். இல்ஃபோர்ட் வீதிகளில் ஓடும் தமிழர்களில் கால்வாசிப் பேர் என்னிடம் பழகியவர்கள். அதற்காக இதுவரை யாரும் என்மேல் வழக்குப் போடவில்லை.

இனி நான் சொல்லப்போவதற்கு என் மைத்துனரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மனைவியின் அண்ணை. ஊரில் இயக்கமொன்றில் சேர்ந்து, எண்பதுகளில் இறந்தவர். நான் அவரைக் கண்டதே இல்லை. நான் கல்யாணம் செய்தபோது மாமனார் என்னிடம் சொன்னது ஒரே ஒரு வசனம்: மகன் ஓர் இராணுவ முகாமைத் தாக்கப் போய்ச் சண்டையில் இறந்தான். அந்த ஒரு வசனத்தை நான் லண்டனுக்குக் கொண்டுவந்து வளர்த்தேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் வந்தால், சாப்பாட்டுக்குப் பிறகு யாராவது கேட்பார்கள், நான் சொல்வேன். கல்யாணமாகிப் பத்தாவது வருடமளவில் அந்தச் சண்டையில் மழை பெய்யத் தொடங்கியது. பதினைந்தாவது வருடத்தில் மைத்துனர் காயப்பட்ட மூன்று பேரைத் தப்பிப் போக விட்டுவிட்டு, தனியே நின்று சுட்டார். இவையெல்லாம் பொய் என்று நான் நினைக்கவில்லை. முகாம் தாக்குதல் என்றால் இப்படித்தானே நடந்திருக்கும் என்று நினைத்தேன். நான் கதை தொடங்கும்போதெல்லாம் மனைவி எழுந்து குசினிக்குள் போய்விடுவாள். துக்கம் தாங்காமல் போகிறாள் என்று வந்தவர்களுக்கு மெல்லிய குரலில் சொல்வேன். அதுவும் கதையின் ஒரு பகுதி ஆகிவிட்டது.

எங்கள் வீட்டுக்கு வந்த பெண்ணுக்கும் அந்தக் கதையை ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். உங்கள் துயரம் எங்களுக்குப் புதிதல்ல என்று காட்ட வேண்டும் அல்லவா.

அவர் வந்து இரண்டாவது வருடம், கணவரைப் படைக்குக் கூப்பிட்டார்கள். நாற்பத்தொன்பது வயது. பயிற்சிக்குப் போயிருக்கிறார் என்று சொன்னார். மூன்று கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை நான் பாடத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தபோது குசினியில் அவருடைய கைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டார். கேட்டு முடித்ததும் முதலில் அடுப்பை அணைத்தார். சட்டியை மற்ற அடுப்புக்கு மாற்றி வைத்தார். பிறகு நிலத்தில் இருந்தார். மனைவி ஓடிப்போய்ப் பக்கத்தில் தானும் நிலத்தில் இருந்தாள். நான் கார்த் திறப்பைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்றேன். முப்பது வருட அனுபவம் உள்ளவன், எங்கே இருப்பது என்று தெரியாமல் நின்றேன்.

அவர் செவ்வாய்க்கிழமை புறப்பட்டுப் போனார். போலந்து வரை பஸ், பிறகு ரயில். என்ன நடந்தது என்று அவருக்கும் அப்போது சரியாகத் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. கணவர் இறந்துவிட்டார், அவ்வளவுதான்.

ஆனால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்திருந்தது. துக்கம் விசாரிக்க வந்தார்கள். துக்கத்துக்கு உரியவர் வீட்டில் இல்லாததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. சோபாவில் இருந்து தேநீர் குடித்தபடி, எந்த முனையில் என்று கேட்டார்கள். தெரியாது என்றேன். எங்கள் வட்டாரத்தில் போர் ஆய்வாளர் என்று ஒருவர் இருக்கிறார். பிரான்ஸிலிருந்து இங்கே மாறி வந்தவர். பகலில் கைபேசித் திரை மாற்றுவார், மாலையில் யூடியூபில் உலகப் போர்களை நடத்துவார். அவர் வரைபடத்தை விரித்து, அந்தத் திகதியில் எங்கெங்கே தாக்குதல் நடந்தது என்று பார்த்து, இந்த நகரத்தில்தான் ஆள் விழுந்திருக்க வேண்டும் என்று விரலை வைத்தார். எல்லோரும் குனிந்து அந்த இடத்தைப் பார்த்தார்கள். அந்த ஊரின் பெயரை யாராலும் உச்சரிக்க முடியவில்லை. அதனால் அதன் மேல் மரியாதை இன்னும் கூடியது.

நான் செயலாளராக இருக்கும் சங்கத்தில் ஓர் அஞ்சலிக் கூட்டம் வைப்பதென்று தீர்மானமானது. போரால் பாதிக்கப்பட்ட நாங்கள் இன்னொரு போரால் பாதிக்கப்பட்டவருக்குத் தோள் கொடுக்கிறோம் என்று தலைவர் சொன்னார். ஒரு கவுன்சிலரையும் கூப்பிட்டால் நல்லது என்றும் சொன்னார். இறந்தவரின் படத்தை நான் கொடுத்தேன். பனர் அடித்தார்கள். ஒரு பக்கம் எங்கள் கார்த்திகைப் பூ, மற்றப் பக்கம் அவர்களுடைய சூரியகாந்தி, நடுவில் லிஃப்ட் திருத்துபவர் கோட் போட்டுச் சிரிக்கிறார். மேலே பெரிய எழுத்தில், 'களமாடி வீழ்ந்த வீரனுக்கு எம் அஞ்சலி'.

இரண்டு கிழமையில் அவர் திரும்பி வந்தார். ஹோட்டல் லோண்டரியில் அவ்வளவுதான் லீவு கொடுத்தார்கள். அன்று பகல் குசினி மேசையில் வைத்து, என்ன நடந்தது என்று மனைவி கேட்டாள். அவர் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். அவருடைய ஆங்கிலத்தில் ஆறேழு வினைச்சொற்கள்தான் இருந்தன. அது போதுமாக இருந்தது.

பயிற்சிக்குப் போய்ப் பத்தொன்பதாம் நாள். காலையில் பனிமூட்டம். நிலம் சேறு. கவச வண்டி ஒன்றை ஒரு கொட்டகைக்குள் பின்னுக்கு எடுத்தார்கள். அது வழுக்கியது. கணவர் வண்டிக்கும் சுவருக்கும் நடுவே நின்றார். போர் நடக்கும் இடத்துக்கும் அந்த இடத்துக்கும் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். அன்று அங்கே யாரும் ஒரு வெடிகூட வைக்கவில்லை.

எனக்கு அந்த நேரத்தில் வந்த நினைப்பு இதுதான்: கண்ணாடியைப் பார்க்கவில்லையா. இருபத்திரண்டு வருடமாக நாளுக்கு ஐந்து தடவை சொல்கிற விசயம். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஆலோசனை வழங்கி வழங்கிப் பழகிய வாய்.

"அப்பிடிப் பெரிய வாகனத்தைப் பின்னுக்கு எடுக்கேக்க, ஒராள் வெளியில நிண்டு கை காட்ட வேணும்," என்று அவருடைய ஆங்கிலத்துக்கு விளங்கும்படி சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்தார். "கை காட்டியவர் அவர்தான்," என்றார்.

மனைவி எழுந்து என் தேநீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள். அதில் பாதித் தேநீர் இருந்தது.

அன்றைக்கே தலைவருக்கு போன் பண்ணினேன். ஆள் சண்டையில் சாகவில்லை, பயிற்சியில் நடந்த விபத்து என்று சொன்னேன். பனர் அடித்தாகிவிட்டதே என்றார் தலைவர்.

அடுத்த நாள் ஆய்வாளரின் கடையில் நாங்கள் மூன்று பேரும் கூடி இதைப் பற்றி யோசித்தோம். பயிற்சியும் போரின் ஓர் அங்கம்தான், இராணுவ இயல் ரீதியாகப் பார்த்தால் பயிற்சிக் களமும் களமே என்றார் ஆய்வாளர். வீழ்ந்தவர் என்பதில் பிழையில்லை, அவர் விழுந்துதானே இருப்பார் என்றார் தலைவர். 'களமாடி' என்ற சொல்லின் மேல் மட்டும் ஒரு ஸ்டிக்கர் ஒட்டலாமா என்று பார்த்தோம். ஸ்டிக்கர் ஒட்டினால் அடியில் என்ன இருந்தது என்று எல்லோரும் கேட்பார்கள். கடைசியில், அவருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுதானே, இருக்கட்டும் என்று முடிவானது. அந்த யோசனையைச் சொன்னவர் தலைவர் என்று எழுத எனக்கு மிகவும் விருப்பம். சொன்னது நான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். பனரில் அப்படித்தான் இருக்கும், நீ ஒன்றும் காட்டிக்கொள்ளாதே என்றேன். அவள் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. நான் அதை ஓம் என்று எடுத்துக்கொண்டேன். இப்படி எடுத்துக்கொண்டுதான் இத்தனை வருடக் குடும்பம் நடந்திருக்கிறது.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு. சங்க மண்டபத்தில் எழுபது பேர் அளவில் வந்திருந்தார்கள். விளக்கேற்றினோம். ஒரு நிமிட மௌனம் காத்தோம். இருபதாவது செக்கனில் ஒருவருடைய கைபேசி பாடியது, அதையும் மௌனமாகவே பொறுத்துக்கொண்டோம். கவுன்சிலர் வந்து, பல்லின மக்கள் ஒன்றாக வாழும் இந்த அழகான பகுதியைப் பற்றி நான்கு நிமிடம் பேசி, பனருக்குக் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டு போனார். தலைவர் இருபத்தைந்து நிமிடம் பேசினார். அதில் பத்து நிமிடம் மண்டபக் கூரை ஒழுகுவதைப் பற்றியது. ஆய்வாளர் வரைபடத்தைத் திரையில் போட்டு, தான் விரல் வைத்த அதே நகரத்தின் போரை விளக்கினார். இறந்தவருக்கும் அந்த நகரத்துக்கும் சம்பந்தமில்லை என்று அவருக்குத் தெரியும். தயாரித்த விளக்கத்தை வீணாக்க அவருக்கு மனம் வரவில்லை போலும்.

இவ்வளவு நேரமும் எங்கள் வீட்டுப் பெண் மேடையில், கறுப்புக் கம்பளிச் சட்டையோடு, பனருக்குக் கீழே நேராக இருந்தார். பக்கத்தில் என் மனைவி. அவருடைய ஆங்கிலம் அவளுக்குத்தான் நன்றாக விளங்கும் என்பதால் அவளை மொழிபெயர்ப்புக்கு வைத்திருந்தோம். ஆய்வாளர் பேசிக்கொண்டிருந்தபோது அவர் தலையைத் திருப்பி மேலே இருந்த எழுத்தைப் பார்த்து, மனைவியின் காதில் ஏதோ கேட்டார். மனைவி பதில் சொன்னாள். நான் முன்வரிசையில் இருந்து கண்ணைக் காட்டினேன். அவள் என் பக்கம் பார்க்கவில்லை.

அவரை இரண்டு வார்த்தை பேச அழைத்தார்கள். அவர் ஒலிவாங்கியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வசனமாகச் சொன்னார். மனைவி ஒவ்வொரு வசனமாகத் தமிழில் சொன்னாள்.

"வந்த எல்லாருக்கும் நன்றி எண்டு சொல்லுறா. இவவின்ர மனுசன் லிஃப்ட் திருத்துற ஆள். இருபத்தாறு வருசம் அந்த வேலை செய்தவர். நல்லாச் சமைப்பார். சத்தமாக் கதைக்கிறது அவருக்குப் பிடிக்காது. பயிற்சிக்குப் போன இடத்தில, வாகனம் ஒண்டு பின்னுக்கு வந்து நெரிச்சுச் செத்தவர். அவர் சண்டையைக் காணவே இல்லை. மேல எழுதியிருக்கிறது பிழை எண்டு சொல்லுறா. உங்களில கோவமில்லையாம். ஆனால் அது வேற ஆரோ ஒராள், தன்ர மனுசன் இல்லை எண்டு சொல்லுறா."

அவர் ஒலிவாங்கியை மனைவியிடம் கொடுத்துவிட்டுப் போய் இருந்துவிட்டார். மண்டபத்தில் சிலர் கை தட்டுவதா என்று யோசித்து, பாதித் தட்டலில் நிறுத்தினார்கள். தலைவர் நன்றியுரைக்கு எழுந்தார். மனைவி ஒலிவாங்கியைக் கொடுக்கவில்லை.

"என்ர அண்ணையும் சண்டையில சாகேல்லை," என்றாள்.

முன்வரிசையில் ஒருவர், உக்ரைன் பெண்ணின் அண்ணனும் இறந்துவிட்டாரா என்று பக்கத்தில் இருந்தவரிடம் மெதுவாகக் கேட்டார். மொழிபெயர்ப்பு இன்னும் நடக்கிறது என்று நினைத்திருக்கிறார். எனக்கு அந்தக் குழப்பம் இருக்கவில்லை.

"கைக்குண்டு எறியப் பழகேக்க, பக்கத்தில நிண்டவரின்ர கை நழுவினது. அதில செத்தவர். இவர் உங்களுக்கெல்லாம் சொல்லுற சண்டை நடக்கேல்லை." இவர் என்றபோது கையை நீட்டி என்னைக் காட்டினாள். யாருக்கும் சந்தேகம் வந்துவிடக் கூடாது என்று. "அவ்வளவுதான். தேத்தண்ணி பின்னுக்கு வச்சிருக்கு."

எழுபது பேரும் எழுந்து தேநீருக்குப் போனார்கள். எங்கள் ஆட்கள் இவ்வளவு ஒழுங்காக வரிசையில் நின்றதை நான் அன்றுதான் கண்டேன். ஆய்வாளர் தட்டோடு என்னிடம் வந்தார்.

"அண்ணை, அப்ப அந்தக் காயப்பட்ட மூண்டு பேர்?" என்று கேட்டார்.

அவர்கள் மூன்று பேரும் சுகமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன் என்றேன்.

மண்டபத்தின் மறுபக்கத்தில், லண்டனின் மிச்சம் பகுதியிலிருந்து வந்த ஒரு பெண் மனைவியின் கையைப் பிடித்து ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு மனைவி சொல்லித்தான் தெரியும். அவருடைய தம்பி காட்டுக்குள் பயிற்சியில் இருந்தபோது பாம்பு கடித்து இறந்தவராம். எங்கள் மண்டபச் சுவரில் மாட்டியிருக்கும் இறந்தவர்களின் படங்களில் அவருடையது ஒன்பதாவது. படத்துக்குக் கீழே ஒரு சண்டையின் பெயர் எழுதியிருக்கிறது. நான்தான் எழுதுவித்தேன்.

வீட்டுக்குக் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது நான் கோபமாக இருந்தேன். ஒரு போக்குவரத்து விளக்கில் நின்றபோது, இத்தனை வருடம் ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். பின் ஆசனத்தில் இருந்தவருக்குத் தமிழ் விளங்காது என்ற தைரியத்தில் கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன்.

"நீங்கள் அந்தச் சண்டையை அவ்வளவு நல்லாச் சொல்லுவியள்," என்றாள் மனைவி. "குழப்ப எனக்கு மனம் வரேல்லை."

விளக்கு பச்சையானது. பின்னால் நின்ற கார்க்காரன் ஹோர்ன் அடித்தான். ஓட்டுநர் பயிற்சி ஆசிரியர் என்று கூரையில் எழுதி வைத்துக்கொண்டு ஹோர்ன் வாங்குவது ஒரு தனி அனுபவம்.

வீட்டுக்கு வந்து மூன்று பேரும் குசினி மேசையில் இருந்தோம். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. இப்போது அவர் மனைவியிடம் கேட்டார், உன் அண்ணனுக்கு என்ன நடந்தது, முழுக்கச் சொல் என்று. மனைவி சொன்னாள். தன்னிடம் இருந்த எளிய ஆங்கிலத்தில், நடுநடுவே எனக்காகத் தமிழிலும் சொன்னாள். நான் அவளோடு வாழத் தொடங்கியதிலிருந்து அதை முதல் தடவையாகக் கேட்கிறேன். பக்கத்து வீட்டுக்காரன் போல மேசையோரத்தில் இருந்து கேட்டேன்.

அவளுக்கு அப்போது பதினான்கு வயது. அண்ணை இறந்த செய்தி நோட்டீஸாக வந்தது. அதில் முகாம் தாக்குதலில் வீரமரணம் என்று அச்சடித்திருந்தது. ஊர் மதில் எல்லாம் ஒட்டினார்கள். ஒரு மாதம் கழித்து ஒருநாள் மத்தியானம் ஓர் ஆள் வீட்டுக்கு வந்தார். இருபது வயதுக்கு மேல் இராது. வலது கை முழுக்கக் கட்டுப் போட்டிருந்தது. தகப்பனையும் தாயையும் கூப்பிட்டு, நின்றபடியே சொன்னார். சண்டை ஒன்றும் நடக்கவில்லை, பழகிக்கொண்டிருந்தபோது என் கையிலிருந்துதான் நழுவியது, உங்கள் மகன் என் பக்கத்தில் நின்றவர் என்று.

"அப்பா எழும்பி வளவுக்குப் பின்னால போயிட்டார். அம்மா கொஞ்ச நேரம் அப்பிடியே நிண்டவ. பிறகு அவரை உள்ளுக்கு இருக்கச் சொல்லிச் சோறு போட்டவ. அவருக்கு வலது கையால சாப்பிட ஏலாது. இடது கையால அளைஞ்சு அளைஞ்சு பாத்தார். அம்மா சோத்துக் கோப்பையை வாங்கித் தானே குழைச்சு வாயில தீத்தினவ."

உன் அம்மா ஏன் அப்படிச் செய்தார் என்று எங்கள் வீட்டுப் பெண் கேட்டார்.

மனைவி யோசித்தாள். "மத்தியானம் தானே," என்றாள். "அவர் ரெண்டு பஸ் மாறி வந்தவர்."

நோட்டீஸ் அச்சடித்தாகிவிட்டது, இனி யார் அதை மாற்றுவது என்று தகப்பன் சொல்லிவிட்டாராம். வெளியில் கேட்டால் சண்டை என்றே சொல்லச் சொன்னாராம். அதைத்தான் எனக்கும் சொல்லியிருக்கிறார். நான் பாவம், அதற்கு மழையும் பெய்வித்தேன்.

அதன் பிறகுதான் எங்கள் வீட்டுப் பெண் அந்தச் சாரதியைப் பற்றிச் சொன்னார். கவச வண்டியைப் பின்னுக்கு எடுத்தவர். அடக்கத்துக்கு வந்திருந்தாராம். எல்லோருக்கும் பின்னால், வேலியோரம் நின்றாராம். இவர் அவரைப் பார்த்தார், பேசவில்லை. பேசினால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது என்றார். அவருடைய முகம் நினைவில் இல்லையாம். காது மிகவும் சின்னது, அது மட்டும் நினைவிருக்கிறது என்றார். எனக்கு மறுபடியும் கண்ணாடி, சேறு, வண்டியின் எடை என்று ஏதேதோ சொல்ல வாய் வந்தது. இந்த முறை வாயை மூடிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு வருடத் தொழிலில் இது எனக்கு ஒரு முன்னேற்றம்.

சங்கத்தில் என்ன நடந்தது என்று கேட்பவர்களுக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். அவசரக் கூட்டம் கூடியது. என் மனைவியின் பேச்சு நிகழ்ச்சி நிரலில் இருக்கவில்லை என்று ஒருவர் ஆட்சேபித்தார். சுவரில் இருக்கும் படங்களுக்குக் கீழே எழுதியிருப்பவற்றைச் சரிபார்க்க வேண்டும் என்று நான் சொன்னேன். அப்படிச் சரிபார்க்கத் தொடங்கினால் எங்கே போய் முடியும் என்று தலைவர் கவலைப்பட்டார். அதை ஆராய ஓர் உபகுழு அமைத்தார்கள். அதற்கு என்னையே பொறுப்பாகப் போட்டார்கள். ஒரு விசயம் நடக்கவே கூடாது என்றால் அதை என்னிடம் ஒப்படைக்கும் வழக்கம் சங்கத்தில் உண்டு. நான் அவர்களை ஏமாற்றிவிட்டு, ஒவ்வொரு வீடாகப் போய்க் கேட்டேன். பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை. சிலர் திறந்து, எழுதியிருப்பது அப்படியே இருக்கட்டும் என்று சொன்னார்கள். அது அவர்கள் உரிமை. நான்கு படங்களுக்குக் கீழே எழுத்து மாறியது. என் மைத்துனருடையதும் ஒன்று. 'பயிற்சியின்போது' என்று ஒரே சொல். அதை எழுதிய பிறகு அந்தப் படத்தில் அவர் இன்னும் இளமையாகத் தெரிகிறார். இருபத்தொரு வயதில் செத்தவர், இத்தனை நாளும் என் கதைக்குள் நாற்பது வயதுத் தளபதி மாதிரி நின்றிருக்கிறார்.

எங்கள் வீட்டுப் பெண் அடுத்த மார்கழியில் தென் லண்டனில் தோர்ண்டன் ஹீத்தில் ஓர் அறை எடுத்துக்கொண்டு போனார். அங்கே ஒரு பாடசாலையில் இரசாயன ஆய்வுகூட உதவியாளர் வேலை கிடைத்திருந்தது. போவதற்கு முன், அந்தச் சாரதிக்குக் கடிதம் ஒன்று எழுதினார். மனைவியும் அவரும் ஒரு சனிக்கிழமை முழுக்க அந்தக் கடிதத்தோடு குசினியில் இருந்தார்கள். மனைவிக்கு அவருடைய மொழி தெரியாது, எழுத்தும் தெரியாது. இருந்தும் இரண்டு இடத்தில் திருத்தம் சொன்னாள் என்று கேள்வி. என்ன எழுதினார் என்று நான் கேட்டபோது, "பிழை எண்டும் எழுதேல்லை, பிழையில்லை எண்டும் எழுதேல்லை," என்றாள் மனைவி. "சாப்பிடுறியா எண்டு கேட்டு எழுதியிருக்கிறா."

ஒரு மாதத்துக்கு மேல் பதில் வரவில்லை. பிறகு சாரதியிடமிருந்து அவருடைய கைபேசிக்கு ஒரு படம் வந்தது. தகரப் பாத்திரம் ஒன்றில் ஏதோ கஞ்சி, மேலே ஒரு கரண்டி. எழுத்து ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு கிழமையும் அப்படி ஒரு படம் வருகிறது. அந்தச் சாரதியை உண்மையான போர்முனைக்கு மாற்றிவிட்டார்கள் என்று எங்களுக்குத் தெரியும். எந்த முனை என்று தெரியாது, நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்களிடம் இருந்த பெண் தோர்ண்டன் ஹீத்திலிருந்து மனைவிக்கு அந்தப் படத்தை அனுப்பி வைப்பார். போன கிழமை உருளைக்கிழங்கு. உப்புக் குறைவாக இருக்கும் போலத் தெரிகிறது என்று மனைவி சொன்னாள்.